தண்டவாளம் இல்லாத கேட்

ஈரடுக்கு இழை ஆய்வு நிலையம் ராஜபாளையத்துக்கு வேண்டும் என்று ராஜபாளையத்தில் கடையடைப்பு நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடையடைப்பு நடந்தது. ஈரடுக்கு இழை என்றால் என்ன என்று இரண்டு ஊரிலும் யாரும் கேட்கவில்லை. அது 1987. இழையில் இரண்டு அடுக்குகள் இருப்பது தெரிய வந்ததும் அரசுக்குப் பிரச்சினை தீர்ந்தது. உள்ளடுக்கு ராஜபாளையத்துக்கு. வெளியடுக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு.

இரண்டு வகை பிளாஸ்டிக்கைத் தனித்தனியாகப் பாகாகக் காய்ச்ச வேண்டும். இரண்டு பாகையும் ஒரே துளை வழியாக விட வேண்டும். ஒன்று உள்ளேயும் மற்றது அதைச் சுற்றிலுமாக இறங்கிக் குளிர்ந்தால் இழை. இரண்டும் ஒரே பதத்தில் ஓட வேண்டும். ஒன்று இளகி, ஒன்று இறுகியிருந்தால் இழை நெளியும், வளையும், முடிச்சு விழும். இதற்கு ஓட்டக் குலைவு என்று பெயர். குலைவு இல்லாமல் ஓடுவது ஓட்ட நிலைப்பு. நிலையத்தின் நோக்கம் ஓட்ட நிலைப்பு என்று இரண்டு ஊர்ப் பலகைகளிலும் எழுதியிருந்தது.

ஓர் உலை ராஜபாளையத்தில் அமைந்தது. இன்னோர் உலை ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டு பாகும் இறங்க வேண்டிய துளைத்தட்டு ஒன்றுதான். அதை இரண்டு ஊரிலும் வைக்க முடியாது. ஓர் ஊரில் வைத்தால் மறு ஊரில் கடையடைப்பு நடக்கும். சங்கிலி போட்டுச் சாலையை அளந்தார்கள். நடுப்புள்ளி, மம்சாபுரம் விலக்குக்குப் பக்கத்தில் தனுஷ்கோடி என்ற விவசாயியின் தோட்டத்தில் விழுந்தது.

தனுஷ்கோடி அப்போதுதான் தென்னங்கன்று வைத்திருந்தார். நிலையத்துக்கு வேண்டியது ஒரு கொட்டகை போட இடம். வேலி அடித்து முடித்தபோது கிணறு வேலிக்கு உள்ளேயும் கன்றுகள் வெளியேயும் இருந்தன.

உள்ளடுக்கின் இணை இயக்குநர் சுப்புராஜ். தனுஷ்கோடி அவரைப் போய்ப் பார்த்தார்.

"சார், கெணறு உள்ள போயிருச்சு."

"நல்லதுதான. பத்திரமா இருக்கும்."

"கன்னுக்குத் தண்ணி பாய்ச்சணும் சார்."

"மோட்டார் ஓடினா தரை அதிரும். தரை அதிர்ந்தா தட்டு அதிரும். தட்டு அதிர்ந்தா ஓட்டம் குலையும். ஓட்டம் நிலைச்ச அன்னைக்கு உமக்கு வழி திறந்து விட்ருவோம்."

"எப்ப நிலைக்கும்?"

"எங்க அடுக்கு நிலையாத்தான் இருக்கு. அந்த ஊர்ல போய்க் கேளும்."

தனுஷ்கோடி சைக்கிளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மிதித்தார். வெளியடுக்கின் இணை இயக்குநர் யதிராஜன் அவரை உட்காரச் சொன்னார்.

"எங்ககிட்ட ஒரு குறையும் கிடையாது. உள்ள இருக்கிறது சரியா இருந்தா, மேல இருக்கிறது தானா சரியா இருக்கும். நீங்க ராஜபாளையத்துல கேளுங்க."

"அங்க இருந்துதான் சார் வாரேன்."

"அப்ப வழி தெரியும்."

இரண்டு இணை இயக்குநர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இருவரும் ஒரே பதவி. யார் முதலில் போய்ப் பார்க்கிறாரோ அவர் கீழே ஆகிவிடுவார். ஆகவே இருவரும் சென்னை வழியாகப் பேசிக்கொண்டார்கள்.

தனுஷ்கோடியின் மனைவி வெள்ளைத்தாய் மாட்டு வண்டியில் பீப்பாய் கட்டி, மம்சாபுரத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கன்றுகளுக்கு ஊற்றினாள்.

"கெணறு நம்மளுது. கன்னு நம்மளுது. நடுவுல கெடக்க நூலு யாருது?" என்றாள்.

"நூலு இன்னும் வரல."

"வராத நூலுக்கா இம்புட்டு வேலி?"

தனுஷ்கோடிக்கும் அது விளங்கவில்லை. ஆனால் படித்தவர்கள் அளந்து போட்ட வேலி.

முதல்முறை உள்ளடுக்குப் பாகு ஒரு பால் கேனில் ஜீப்பில் வந்தது. வந்து சேர்ந்தபோது கேனின் வடிவத்தில் இறுகியிருந்தது. கேனை அறுத்து எடுத்தார்கள். ராஜபாளையம் அலுவலகத்தில் பார்வையாளர் உட்கார ஒரு முக்காலி குறைவாக இருந்தது. அந்தக் குறை நீங்கியது.

பிறகு சாலை போடுகிறவர்களிடம் தார் காய்ச்சும் டிரம்கள் இரண்டு வாங்கினார்கள். சக்கரம் வைத்தவை. கீழே விறகு எரியும், மேலே பாகு கொதிக்கும், முன்னால் டிராக்டர் இழுக்கும். இரண்டு டிரம்களும் இரண்டு ஊர்களிலிருந்து ஒரே நேரத்தில் புறப்பட்டன.

ராஜபாளையத்துப் பக்கம் வழியில் ரயில்வே கேட் உண்டு. செங்கோட்டை ரயில் அன்று தாமதம். கேட்டில் நின்ற உள்ளடுக்குக்கு விறகு தீர்ந்து, பாகு களி மாதிரி ஆனது. ஸ்ரீவில்லிபுத்தூர் டிரம் சரியான நேரத்துக்கு வந்து, தட்டுக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டே காத்திருந்தது. வெளியடுக்கு கஞ்சித் தண்ணீர் மாதிரி ஆனது. இரண்டையும் தட்டில் ஊற்றினார்கள். உள்ளடுக்கு பிதுங்கியது. வெளியடுக்கு தனியாகச் சொட்டியது. வந்த ஒரு சாண் இழையும் ஒரு பக்கமாக வளைந்து, மேலே திரும்பி, தட்டின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. அதை அரிவாளால் சுரண்டி எடுத்தார்கள்.

ஓட்ட நிலைப்புக் குழு விருதுநகரில் கூடியது. அது இரண்டு ஊருமே இல்லை என்பதால் இருவரும் வர முடிந்தது. ஆனால் மேசைக்கு நடுவில் மறைப்பாக ஒரு மூங்கில் தட்டி வைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த தலைவர் தட்டியின் முனையில் உட்கார்ந்தார். நிலம் கொடுத்தவர் என்பதால் தனுஷ்கோடிக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

சுப்புராஜ் பேசினார். "இழைக்குப் பலம் உள்ளடுக்கு. நாங்கள் தாமதமாக வரவில்லை. ரயில்தான் தாமதமாக வந்தது. அது போகும்வரை நாங்கள் உரிய இடத்தில், உரிய முறையில் நின்றோம். நிற்பதில் எங்கள் பிரிவுக்கு நல்ல பயிற்சி இருக்கிறது."

யதிராஜன் பேசினார். "உலகம் காண்பது வெளியடுக்கை. நாங்கள் நேரத்துக்கு வந்தது உண்மை. அது தவறு என்றால் திருத்திக்கொள்ளத் தயார். மேலிடம் எழுத்தில் தர வேண்டும்."

தலைவர் இருவரையும் பாராட்டினார். "குலைவுக்குக் காரணம் வேற்றுமை. ஒரு பக்கம் கேட் இருக்கிறது. ஒரு பக்கம் இல்லை. பிறகு ஓட்டம் எப்படி ஒத்துப்போகும்? இழை விஷயமாகப் பல நாடுகளுக்குப் போயிருக்கிறேன். எந்த ஆலைக்குள்ளும் போக நேரம் கிடைக்கவில்லை. ஆனாலும் வேற்றுமைதான் காரணம் என்று அங்கேயே உணர்ந்தேன்."

ரயில்வே கேட்டை எடுக்க முடியாது. அது வேறு துறை. ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமும் ஒரு கேட் வைப்பதென்று முடிவாயிற்று. வடை வந்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் எத்தனையோ அந்தப் பக்கமும் அத்தனை.

சிவப்பும் வெள்ளையும் அடித்த கம்பம் வந்தது. தகரக் கூண்டு வந்தது. தொலைபேசி வந்தது. எல்லாம் தனுஷ்கோடியின் வேலிக்கும் தென்னங்கன்றுகளுக்கும் இடையே, சாலையின் குறுக்கே நின்றன. தண்டவாளம் திட்டத்தில் இல்லை. நிலம் கொடுத்தவருக்கு முன்னுரிமை என்பதால் தனுஷ்கோடியைத் தற்காலிகக் கேட் காவலராகப் போட்டார்கள். காக்கிச் சட்டையும் இரண்டு கொடிகளும் கொடுத்தார்கள்.

"எப்ப சார் மூடணும்?" என்று யதிராஜனிடம் கேட்டார்.

"அங்க மூடும்போது போன் வரும். அப்ப மூடுங்க."

"இங்க என்ன சார் போகும்?"

"ஒண்ணும் போகாது."

"பொறவு எதுக்கு மூடணும்?"

யதிராஜன் பொறுமையாகச் சொன்னார். "ஏதாவது போனா நாங்க ஏன் கேட் வைக்கணும்? ரயில்வேக்காரன் வச்சிருப்பான்."

முதல் நாள் போன் வந்ததும் தனுஷ்கோடி கம்பத்தை இறக்கினார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த பஸ் நின்றது. கண்டக்டர் சங்கிலிப்பாண்டி இறங்கினார். இடது பக்கம் பார்த்தார். பருத்தி. வலது பக்கம் பார்த்தார். அங்கும் பருத்தி.

"என்னவே, தண்டவாளத்த எவனும் தூக்கிட்டுப் போயிட்டானா?"

"தண்டவாளம் இல்ல."

"பொறவு ரயிலு எதுல வருதாம்?"

"ரயிலு இங்க வராது. அங்கிட்டு வருது."

"அங்கிட்டு வார ரயிலுக்கு நான் எதுக்குவே இங்கிட்டு நிக்கணும்?"

"அங்கிட்டு ஒரு டிரம்மு நிக்குது. அதனால இங்கிட்டு ஒரு டிரம்மு நிக்கணும்."

"என்னையப் பாத்தா டிரம்மு மாதிரியா இருக்கு?"

"டிரம்மு ஒமக்குப் பின்னால நிக்குது."

சங்கிலிப்பாண்டி திரும்பிப் பார்த்தார். பஸ்ஸுக்குப் பின்னால் தார் டிரம் புகைந்துகொண்டிருந்தது. அவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

"யாரும் எறங்காதிய. கேட்டு போட்டிருக்கு."

"ரயிலு எங்க?" என்று சன்னலோரம் ஒருவர் கேட்டார்.

"ரயிலு எங்க இருந்தா ஒனக்கென்ன. கேட்டு போட்டா நிக்கணும்லா," என்றார் பக்கத்திலிருந்தவர். பஸ்ஸில் எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் அங்கே வேர்க்கடலை விற்க ஒருவர் வந்தார். பிறகு வெள்ளரிப் பிஞ்சு. பிறகு பால்கோவா. பஸ்காரர்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். பயணிகள் 'கேட்' என்று டிக்கெட் கேட்க ஆரம்பித்தார்கள். கான்சாபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் செங்கோட்டை போவதற்காகப் பெட்டி படுக்கையோடு கூண்டின் நிழலில் காத்திருந்தது. ரயில் இல்லை என்று தனுஷ்கோடி சொன்னார். இன்றைக்கு இல்லையா, என்றைக்குமே இல்லையா என்று கேட்டார்கள். அதைப் பற்றித் தனக்குத் தகவல் இல்லை என்றார். அப்படிப் பேச அவருக்கு வந்துவிட்டது.

வெள்ளைத்தாயின் தண்ணீர் வண்டியும் ஒருநாள் கேட்டில் நின்றது.

"கம்பத்தத் தூக்குங்க. பீப்பா ஒழுகுது."

"செத்த நேரம் பொறு. அங்க மூடியிருக்கு."

"கட்டுன பொண்டாட்டி வண்டிய மறிக்க இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தருதான்."

"ஓட்டம் நெலைக்கணும் புள்ள. அது நெலைச்சாத்தான் கெணறு."

"மொத வச்ச கன்னு செத்துப்போச்சு. ரெண்டாவது வச்சதும் பழுக்குது. இனிமே ஓட்டம் நெலைச்சு எத நனைக்கப் போறிய?"

பால்கோவாக்காரர் அவளுக்குப் பரிந்து பேச வந்தார். "நீரு கேட்டு தொறந்தா யாவாரம் போயிரும்னு நிக்கவரு. நீரு பேசாதயும்," என்றாள் அவள். பீப்பாய் ஒழுகிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு அடியில் இருந்த புல் மட்டும் செழிப்பாக வளர்ந்தது.

ஆடிப்பூரத்தன்று தேர் ஓடியதால் ஸ்ரீவில்லிபுத்தூர் டிரம் ஊரைவிட்டு வெளியே வர முடியவில்லை. ராஜபாளையத்தில் அன்று தேர் இல்லை. இந்த வேற்றுமையும் குழுவின் கவனத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு அதே நாளில், ராஜபாளையத்தில் லாரி அச்சுகளின் மேல் கீற்றுக் கொட்டகை ஒன்றைக் கட்டி, வடம் பூட்டி, அதைப் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து மெதுவாக இழுத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. பின்னால் உள்ளடுக்கு டிரம் புகைந்தபடி வந்தது. ஜனங்கள் வீட்டு வாசலுக்கு வந்து பார்த்தார்கள். கும்பிட வேண்டுமா வேண்டாமா என்று தெரியவில்லை. சிலர் எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவர் சுப்புராஜிடம் கேட்டார்.

"தாமதம்," என்றார் சுப்புராஜ்.

அப்போதும் இழை நெளிந்தது. சென்னையிலிருந்து டாக்டர் கிருபாபாய் என்ற நிபுணரை அழைத்தார்கள். இழைகளைப் பற்றிப் படித்தவர். அவருடைய கார் கேட்டில் நின்றது.

"ரயில் எப்போ வரும்?" என்று கேட்டார்.

"ரயில் இல்லம்மா."

"பிறகு எதுக்கு மூடியிருக்கு?"

"அங்கிட்டு மூடியிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கேட் அப்படியேதான் இருந்தது.

கொட்டகைக்கு வந்து தட்டைப் பார்த்தார். டிரம்களைப் பார்த்தார். கரண்டியால் இரண்டு பாகையும் எடுத்து ஊற்றிப் பார்த்தார். "இரண்டு உலையும் தட்டும் ஒரே கட்டடத்தில் இருக்க வேண்டும்," என்றார்.

"அது கொள்கை," என்றார் தலைவர். "நீங்கள் இழையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்."

"அப்படியென்றால் ஊற்றும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஓட்டம் குறைந்தால் குலைவும் குறையும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் அன்றே புறப்பட்டார். போகும்போதும் கேட்டில் நின்றார். கடலை வாங்கினார்.

அவர் சொன்னது உண்மை. ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். நெளிவு பாதியானது. அதிலும் பாதியாக்கினார்கள். நெளிவு இன்னும் குறைந்தது. தலைவர் வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். கோடு இறங்கிப் போய்த் தாளின் மூலையைத் தொட்டது. அங்கே ஓட்டமும் பூஜ்யம், நெளிவும் பூஜ்யம். குழுவினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டி சரிந்து விழுந்தது. உடனே நிமிர்த்தி வைத்தார்கள்.

1990 தை மாதம் விழா நடந்தது. கொட்டகைக்கு முன்னால் பந்தல். இரண்டு டிராக்டர்களும் வெறும் டிரம்களை இழுத்துக்கொண்டு வந்தன. விறகு இல்லை, பாகு இல்லை, தாமதம் இல்லை. முதல்முறையாக இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. இரண்டு இணை இயக்குநர்களும் எதிரெதிரே நின்றார்கள். யார் முதலில் வணங்குவது என்ற கேள்விக்கு ஏற்கனவே ஏற்பாடு செய்திருந்தார்கள். தலைவர் விசில் ஊதினார். இருவரும் ஒன்றாகக் கும்பிட்டார்கள்.

தட்டின் மேல் ஒன்றும் ஊற்றப்படவில்லை. தட்டின் கீழ் ஒன்றும் வரவில்லை. விருந்தினர்கள் வரிசையாக வந்து குனிந்து பார்த்தார்கள்.

தலைவர் பேசினார். "நெளிவு இருக்கிறதா? இல்லை. வளைவு? இல்லை. முடிச்சு? இல்லை. எத்தனை மனிதர்களின் உழைப்பு இது. இழை ஒன்று இருந்திருந்தால் இவ்வளவு உறுதியாக நான் பேசியிருக்க முடியாது."

"இழை எப்ப சார் வரும்?" என்று விருந்தினர் ஒருவர் கேட்டார்.

"அது இரண்டாம் கட்டம். அவசரப்பட்டால் அடைந்த நிலைப்பு கெட்டுவிடும்."

தனுஷ்கோடியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கிணற்றுக்கு வழி திறந்துவிடும் ஆணையையும் வேலையை நிரந்தரமாக்கும் ஆணையையும் ஒரே உறையில் கொடுத்தார்கள். கேட் இருந்த காலத்தில்தான் நிலைப்பு ஏற்பட்டது. ஆகவே கேட் தொடர்ந்து இயங்கும். அது மூடியிருக்கும்போது வண்டி, ஆள், கால்நடை, எவ்வகை ஓட்டமும் கடக்கலாகாது. தனுஷ்கோடி உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் வெள்ளைத்தாய் மோட்டாரைப் போட்டாள். அது இருமியது, நின்றது, மறுபடி இருமியது. பிறகு தண்ணீர் இழுத்தது. சாலையோர வாய்க்காலில் சருகையும் தூசியையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. கேட்டுக் கம்பத்துக்கு அடியில் போனால் அந்தப் பக்கம் கன்றுகள். மூன்றாம் முறை வைத்தவை. பாதி உயிரோடிருந்தன.

கூண்டில் போன் அடித்தது. தனுஷ்கோடி கம்பத்தை இறக்கினார். பஸ் நின்றது. வெறும் டிரம்மை இழுத்து வந்த டிராக்டர் நின்றது. ஆணை அப்படி. சங்கிலிப்பாண்டி இறங்கிக் கடலை வாங்கினார்.

தண்ணீர் நிற்கவில்லை. தனுஷ்கோடி அதைப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்த ஆணையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து, ஒரு கட்டி மண்ணை வெட்டி வாய்க்காலின் குறுக்கே வைத்தார். தண்ணீர் அதில் முட்டித் தேங்கியது.

வெள்ளைத்தாய் தண்ணீருக்குப் பின்னாலேயே மண்வெட்டியோடு வந்தாள்.

"என்ன செய்யுதிய?"

"கேட்டு மூடியிருக்கு."

"தண்ணிக்குமா?"

"எழுதியிருக்கு."

"ஏ தாயி, செத்த நேரம் நில்லேன்," என்றார் சங்கிலிப்பாண்டி, கடலையை உரித்தபடி. "நாங்க இத்தன பேரு நிக்கல?"

பஸ்ஸிலிருந்து சிலர் தலையாட்டினார்கள்.

"நீங்க நிப்பிய. ஒங்களுக்குக் கடலை இருக்கு," என்றாள்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கொடியைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றார். அவள் மண்வெட்டியை ஓங்கி ஒரே வெட்டாக வெட்டினாள். மண் கரைந்தது. தண்ணீர் கம்பத்துக்கு அடியில் போனது.

போன் மறுபடி அடித்தது. யதிராஜன்.

"எல்லாம் நின்னாச்சா?"

தனுஷ்கோடி கூண்டின் சன்னல் வழியாகப் பார்த்தார். பஸ் நின்றது. டிராக்டர் நின்றது. வெள்ளரிப் பிஞ்சுக்காரர் நின்றார். தண்ணீர் முதல் கன்றின் தூரில் போய்ச் சுழன்றுகொண்டிருந்தது.

"எல்லாம் நிக்குது சார்."

"அசைவு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார்."

போனை வைத்தார். கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கம்பத்துக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனார். முதல் பாத்தி நிறைந்துவிட்டது. அடுத்த கன்றுக்கு மடை திருப்ப வேண்டியிருந்தது.